உச்சிப் பாறையில் இரண்டு வேட்டிகள்

எங்கள் மடத்துத் துணிகள் மலையுச்சிப் பாறையில்தான் காயும். காய்ந்ததைச் சுருட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டு, அங்கிருந்தே கீழே முற்றத்துக்கு எறிந்துவிடுவோம். செங்குத்தான வழி, மூட்டையோடு இறங்குவது கஷ்டம்.

நான் மடத்துச் சமையல்காரன். நான் காய்ச்சிய கஞ்சியை, மடத்தில் தங்கியிருந்த திருமேனி என்பவர் பதினோரு நாளாகத் தொடவில்லை. அறுபது வயது, முன்னாள் லாரி டிரைவர். வெறும் தண்ணீரில் கிடந்தார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், மனுஷன் செத்துவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். போய் மடத்துத் தலைவி குருவம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. எங்கள் இருவரையும் உச்சிக்கு வரச் சொன்னார். திருமேனியை நான்தான் தாங்கிப் பிடித்து ஏற்றினேன்.

"எதுக்கு ஐயா இந்தப் பட்டினி?" என்று கேட்டார் அம்மா.

"நெஞ்சு கனக்குதும்மா. கீழ கீழ போயிட்டே இருக்கேன். உடம்பையாவது குறைச்சா, விழுறது கொஞ்சம் மெதுவாகும்னு பார்த்தேன்."

"நெஞ்சுல என்ன?"

"அதை மட்டும் கேக்காதீங்க. செத்தாலும் சொல்ல மாட்டேன்."

அம்மா கேட்கவில்லை. பாறையில் திருமேனியின் வேட்டிகள் இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. ஒரே நீளம், ஒரே நெசவு. அதில் ஒன்றைச் சுருட்டி முடிச்சுப் போட்டு எறிந்தார். கண் இமைப்பதற்குள் முற்றத்தில் தொப்பென்று விழுந்தது. புழுதி கிளம்பியது.

மற்றதைத் திருமேனியிடம் கொடுத்தார்.

"முடிச்சு வேண்டாம். உதறி விடுங்க."

அவர் உதறி விட்டார்.

அடேயப்பா! ஒன்பது வருஷமாக இந்த மலையில் துணி எறிகிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வேட்டி முழுசாக விரிந்தது. காற்று அடியில் புகுந்து அதை வாங்கிக்கொண்டது. ஒரு கணம் அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து அசைந்து இறங்கியது. பறந்து வந்த பருந்து ஒன்று அதற்கு ஒதுங்கிப் போனது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அது தரையைத் தொட்டபோது சத்தமே இல்லை.

திருமேனியின் கண்கள் நிறைந்திருந்தன.

"ரெண்டும் ஒரே கனம்தானேம்மா?"

"ஒரே கனம்தான்."

"அப்ப முதல் வேட்டியைக் காத்து ஏன் தாங்கல?"

"அதையும் தாங்கத்தான் பார்த்திருக்கும், ஐயா. நாம முடிச்சுப் போட்டுட்டோம்."

திருமேனி பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே முற்றத்தில் கிடந்த முடிச்சைப் பார்த்தார்.

"என் தம்பி சாகக் கிடந்தப்ப ஆள் அனுப்பினான்மா," என்றார். "நான் போகல."

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க போய்க் கஞ்சி வையுங்க, அண்ணே. நாங்க மெதுவா இறங்கி வர்றோம்."