தள்ளிச் செல்லவும்

ஓர் ஊரில், ஆற்றங்கரை நடைபாதையின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை நின்றது. சவரிமுத்துவை அது கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு தூறல் காலையில்.

அவர் கையில் மருந்துப் பை. பாதையின் மறுமுனையில் ஆஸ்பத்திரி. அங்கே அவர் மனைவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். இன்னொரு வழி நெடுஞ்சாலை. அதில் லாரிகள் ஒன்றையொன்று முந்திப் பறந்தன; சைக்கிளுக்கு ஓரமே கிடையாது.

பலகையின் நெஞ்சில் எழுதியிருந்தது: ‘சைக்கிள் தள்ளிச் செல்லவும்.’

சவரிமுத்து படித்தார். இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பலகைக்கு மனசு லேசானது.

எதிரே வந்த நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

“யோவ், கண்ணு தெரியலையா? சைக்கிள் தள்ளிப் போகணும்னு போட்டிருக்கு!”

“தள்ளிட்டுத்தானே சார் போறேன்.”

“நக்கலா? தள்ளிப் போன்னா விலகிப் போன்னு அர்த்தம். வெளிய எடு!”

பலகை பதறியது. “ஐயோ, நான் அப்படிச் சொல்லவில்லையே!”

மனிதர் காதில் அது விழவில்லை. சைக்கிளின் காதில் விழுந்தது.

“சரியாச் சொல்லித் தொலையேன். உருட்டச் சொல்றியா, ஓடச் சொல்றியா?”

“உருட்டத்தான். ‘தள்ளிக்கொண்டு’ன்னு எழுதியிருக்கணும். தகரத்தில் இடம் பத்தலைன்னு பெயின்டர் விட்டுட்டான்.”

“அதுக்கு நாங்க லாரிக்கு முன்னால போகணுமா? ஏதாவது செய்!”

“என் காலை சிமெண்டில் புதைச்சிருக்காங்க. நீயாவது செயினைக் கழற்றிக்கோ, அவர் மிதிக்க முடியாது!”

“முயற்சி பண்றேன். நேத்துதான் இவர் எண்ணெய் போட்டு இறுக்கினார். கழல மாட்டேங்குது.”

சவரிமுத்துவுக்கு வாதாட நேரமில்லை. நெடுஞ்சாலையில் மிதித்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று திரும்பினார், ஏறி மிதித்தார்.

பலகை நெடுஞ்சாலைப் பக்கமே காதை வைத்திருந்தது. ஹாரன். பிரேக். பிறகு ஆட்கள் ஓடும் சத்தம்.

சவரிமுத்துவின் உயிர் அங்கேயே போய்விட்டது. கூட்டத்தில் ஒருவன் மருந்துப் பையைப் பொறுக்கிக்கொண்டு நடைபாதை வழியாக ஓடினான். மனைவி பிழைத்தாள்.

சில நாள் கழித்து ஓர் அதிகாரி பெயின்டரோடு வந்தார்.

“எழுத்துல குழப்பமாம். சாவு வேற விழுந்திருச்சு. மாத்தி எழுதுப்பா.”

“‘தள்ளிக்கொண்டு’ன்னு போட்டுரவா சார்?”

பலகை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“எதுக்கு வம்பு? சைக்கிளே கூடாதுன்னு போடு. அதுக்கு இடம் பத்தும்.”

இன்று அந்த ஊரில் சைக்கிளோடு ஆஸ்பத்திரிக்குப் போக நெடுஞ்சாலை ஒன்றுதான் வழி.