ஒரு துளை கூடுதல்

அந்தக் காலத்தில், பறவையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, மரங்கொத்திக்கு உச்சந்தலை கறுப்பாகத்தான் இருந்தது. கவலை வந்தால் எதிரில் இருக்கிற கட்டையைக் கொத்தும், நாம் நகம் கடிக்கிற மாதிரி.

ஆற்றங்கரையில் தனி வீட்டில் இருந்த பொன்னரிக்கு அது சிநேகிதம். ஒரு நாள் அவள் புருஷன் சாத்தன் ஆற்று நடுவே இருந்த மணல்திட்டுக்கு வெள்ளரி பறிக்கப் போனான். மேற்கே எங்கோ மழை. வெள்ளம் வந்து அவன் ஓடத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. திட்டு கண்ணெதிரே சுருங்கியது. சாத்தனுக்கோ நீச்சல் தெரியாது. ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு நீச்சல் தெரியாத மனுஷன்! என்ன சொல்ல?

பொன்னரி அழுதுகொண்டு உட்காரவில்லை. வீட்டுக் கதவையும் கட்டிலையும் பரண் பலகையையும் கழற்றி முற்றத்தில் போட்டாள். அந்தப் பக்கத்தில் ஓடத்துக்கு ஆணி அடிக்கும் வழக்கமில்லை. பலகையோரம் துளை போட்டு, கயிற்றால் தைத்து, துளையைத் தேங்காய் நாராலும் பிசினாலும் அடைப்பார்கள்.

"நீ துளை போடு, நான் தைக்கிறேன். சீக்கிரம்!" என்றாள்.

மரங்கொத்தி மளமளவென்று போட்டுக்கொடுத்தது. வேலை முடிந்ததும் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. திட்டைப் பார்த்தது. சாத்தனுக்கு முழங்கால்வரை தண்ணீர். பார்த்தபடியே ஓடத்தின் பக்கப் பலகையைக் கொத்தியது. கொத்துவது அதற்கே தெரியவில்லை.

"எல்லாத் துளையும் அடைச்சாச்சா, பாரு."

"அடைச்சாச்சு அக்கா, கெளம்பு!" பார்க்காமலே சொன்னது.

இருவரும் ஓடத்தில் கிளம்பினார்கள். நடு ஆற்றில் தண்ணீர் உள்ளே பீறிட்டது.

"ஐயோ, இங்க எப்படி ஓட்டை? நான் தைச்ச இடம் இல்லியே!"

மரங்கொத்திக்குப் பாதி உயிர் போய்விட்டது. "நான்தான் அக்கா. பயத்துல கொத்திட்டேன்."

அடைக்க நார் இல்லை. துடுப்பை விட்டால் ஓடம் போய்விடும். மரங்கொத்தி பலகையைப் பற்றிக்கொண்டு உச்சந்தலையைத் துளையில் முட்டி அடைத்தது. சிராய் குத்தி ரத்தம் வழிந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்ற சாத்தனைப் பொன்னரி இழுத்து ஏற்றி, கரை திரும்பும்வரை அது அசையவில்லை.

"விடு, ஆளு வந்தாச்சுல்ல," என்று பொன்னரி அதன் தலையைத் துடைத்துவிட்டாள். சிவப்புப் போகவில்லை.

அவர்கள் அன்றைக்கே மன்னித்துவிட்டார்கள். மரங்கொத்தியால்தான் தன்னை மன்னிக்க முடியவில்லை. அன்று முதல்தான் அது எந்த மரத்தில் உட்கார்ந்தாலும் ஓட்டை இருக்கிறதா என்று தட்டுகிறது, தலையைச் சாய்த்து உற்றுக் கேட்கிறது, நம்பிக்கை வராமல் மறுபடியும் தட்டுகிறது.