லாசர் திறக்காத பெயிண்ட் டப்பா

ஒரு ஊர்ல ஒரு ஞானப்பூ இருந்தா மக்ளே. கடலோரத்து ஊரு. அவ யாரையும் லேசுல நம்பமாட்டா. நல்லாருக்கியான்னு கேட்டாக்கூட, இவ எதுக்குக் கேக்குறான்னு யோசிப்பா. கூடப்பொறந்த அண்ணன் சூசையை மட்டும் நம்புவா. புருஷன் கடல்ல மீன் புடிக்கப் போக ஒரு பழைய மரவள்ளம் அவன்கிட்டதான் வாங்கினா. கேக்குறியா?

ம்.

அப்புறம், அந்த வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிக்க லாசர்னு ஒருத்தன் வந்தான். மொத நாளு, நல்ல தண்ணி ஊத்தி சளப் சளப்னு உப்பைக் கழுவினான். "பெயிண்ட் எப்போ?"ன்னா ஞானப்பூ. "ஈரத்துல அடிச்சா உரிஞ்சுரும்க்கா"ன்னான். ரெண்டாம் நாளு, வள்ளத்தை வெயில்ல காயப்போட்டுச் சும்மா உக்காந்திருந்தான். தான் வாங்கிக் குடுத்த பெயிண்டை வெளிய விக்கப்போறான்னு அவளுக்குச் சந்தேகம். டப்பா மூடியில அடையாளத்துக்கு நூல் கட்டி வச்சா.

ம்.

மூணாம் நாளு, உப்புத்தாளை வச்சு சரக் சரக்னு பழைய பெயிண்டைத் தேய்ச்சான். இவ வலைக் குவியலுக்குப் பின்னால ஒளிஞ்சு பாத்தா. திடீர்னு சத்தம் நின்னுபோச்சு. அப்போ லாசர் கத்தியை எடுத்து அடிப்பலகையில குத்துறான்.

ஓடிப்போய் அவன் கையைப் புடிச்சா. "வள்ளத்தை ஓட்டை போடுறியா?"

அவன் கோவப்படல. "நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டா. புசுக்னு விரல் உள்ள போயிருச்சு. மரம் அழுகிப்போய், மரத்தூளும் மெழுகும் வச்சு அடைச்சு, மேல பெயிண்ட் பூசியிருக்கு. இதுல புருஷன் நடுக்கடலுக்குப் போயிருந்தா?

ம்...

நேரா சூசைகிட்டப் போனா. "அண்ணே, அந்த வள்ளத்துல ஒரு சுத்து போயிட்டு வருவோமா?"

அவன் தரையைப் பாத்தான். "இன்னிக்குத் தலைவலிக்குது."

"அப்போ தெரிஞ்சுதான் குடுத்திருக்கே."

சாயங்காலம் சூசை நல்ல பலகை ஒண்ணைத் தோள்ல சுமந்து வந்து, லாசர் பக்கத்துல எறக்கி வச்சுட்டு, தங்கச்சி முகத்தைப் பாக்காமப் போயிட்டான்.

அப்புறம் பலகையை மாத்தி, இடுக்கெல்லாம் அடைபடப் பட்டி பாத்து, தேய்ச்சு, பிரைமர் அடிச்சுக் காயவிட்டு, பெறகுதான் லாசர் பெயிண்ட் அடிச்சான். ஞானப்பூ ஒரு தடவைகூட எப்போன்னு கேக்கல.

புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பினான். இவ மீனைப் பாக்கல. குனிஞ்சு வள்ளத்துக்கு உள்பக்கம் அடிப்பலகையைத் தடவினா. ஒரு சொட்டு ஈரமில்ல. அங்கேயே உக்காந்து அழுதுட்டா.

வள்ளம் கரை சேர்ந்துச்சு, கதையும் கரை சேர்ந்துச்சு. கண்ணை மூடு மக்ளே.