தேங்காய்க்குத் தெரியாத கிணறு

கோழிப்பண்ணைக்குப் புது போர்வெல் போட இடம் பார்க்க வந்தார், நீரோட்டம் பார்ப்பதில் பேர்போன செங்கோடனார். அடியில் தண்ணீர் இருந்தால் அவர் உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் எழுந்து நிற்குமாம்; வேலைக்காரி பாவாயியின் குடிசை வாசலில் அது எழுந்து நின்றது.

"குடிசையைப் பிரிச்சுட்டு இங்கேயே போடுங்க" என்றார்.

முதலாளி தலையாட்டிவிட்டார்.

பாவாயி கும்பிட்டாள். "தண்ணியைப் பார்க்கறது தேங்காய்தானுங்களே சாமி, கண்ணுக்கு என்ன வேலை? கண்ணைக் கட்டிக்கிட்டு ஒருக்கா பாருங்க. அப்பவும் இங்கேயே நின்னா நானே பிரிச்சுடறேன்."

செங்கோடனார் வீறாப்பாகக் கண்ணைக் கட்டிக்கொண்டார். பாவாயி கைபிடித்துப் பண்ணையெல்லாம் சுற்றி ஓரிடத்தில் நிறுத்தினாள். தேங்காய் படுத்தே கிடந்தது.

"இங்கே பொட்டுத் தண்ணி கிடையாது" என்றார் அவர்.

முதலாளியே கண்கட்டை அவிழ்த்துவிட்டார். இருபதாயிரம் கோழிக்கும் தண்ணீர் தரும் கிணற்றின் சிமெண்ட் மூடிமேல் நின்றிருந்தார் செங்கோடனார்.

"பார்த்து இறங்குங்க சாமி" என்றாள் பாவாயி, "உள்ளே ரெண்டாள் ஆழத்துக்குத் தண்ணி கிடக்குது."