ஏழாவது பெயர்

புயல் ஓய்ந்து நான்காம் நாள். மீனவர் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலின் முன்னால் சூசைமிக்கேல் நின்றுகொண்டிருந்தார். அவர் பெயருக்கு நேரே 'இறந்தார்' என்று அச்சாகியிருந்தது. அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"நேத்து இதே இடத்துல 'கரை சேர்ந்தார்'னு இருந்துச்சு. நானே பார்த்தேன்" என்றார்.

அப்படி வந்து நின்றவர்களில் அவர் மூன்றாவது ஆள்.

கணினியின் முன்னால் இருந்த எழுத்தர் செல்வமேரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நான் மாத்தல. சத்தியமா மாத்தல. அதுவா மாறுது."

யாரோ மேசையில் மாதா கோயில் தீர்த்தம் தெளித்திருந்தார்கள். கீபோர்டில் ஈரம் காயவில்லை.

அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் மென்பொருளை எழுதியவர் அகஸ்டின். ஐம்பது வயது. தன் தட்டச்சு நிலையத்தை மூடிய பிறகு, தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய இன்பராணியிடம் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். புயலுக்கு மறுநாள் ஒரே பகலில் இதை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு மீனவருக்கும் ஒரு நீளமான பக்கம். படகு, ஊர், வீட்டார், புகைப்படம். நடுவில் ஒரு டிராப்டவுன் பெட்டி. விரித்தால் மூன்று வரிகள்: தேடப்படுகிறார், கரை சேர்ந்தார், இறந்தார்.

அகஸ்டின் அவளுக்குப் போன் செய்தார். இன்பராணி மதியப் பேருந்தில் வந்து சேர்ந்தாள்.

"வைரஸா மேடம்? வெளியிலேருந்து யாரும் உள்ள நுழைஞ்சிருப்பாங்களா?" என்று கேட்டார் அகஸ்டின்.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்து, கணினி முன்னால் இருந்த அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"உங்க பேர்ல ஒரு பக்கம் போடுங்க."

போட்டார். பெட்டியை விரித்து 'கரை சேர்ந்தார்' என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

"இப்ப கடைசி வரைக்கும் படிங்க."

மவுஸின் சக்கரத்தை உருட்டினார். பக்கம் நகரவில்லை. அம்புக்குறியைச் சற்று ஒதுக்கிவிட்டு மறுபடி உருட்டினார். நகர்ந்தது. அடி வரைக்கும் போனார்.

"மேல வாங்க."

வந்தார். அகஸ்டின் என்ற பெயருக்குக் கீழே 'இறந்தார்' என்று இருந்தது.

செல்வமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யார் மாத்தினது?" என்று கேட்டாள் இன்பராணி.

அவர் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். பக்கத்தை நகர்த்தத்தான் உருட்டினார். உருட்டியது பெட்டிக்குள் போயிருந்தது. கீழ்நோக்கி உருட்டினால் அது கடைசி வரியில்தான் போய் நிற்கும்.

"நான்தான்."

"சேவ் பட்டன் எங்க?"

"எடுத்துட்டேன் மேடம். அவசரத்துல அழுத்த மறந்துடுவாங்கன்னு. மாத்தினா அதுவே பதிஞ்சுக்கும்."

அவள் தலையசைத்தாள்.

சக்கரம் அந்தப் பெட்டியைத் தொடாதபடி செய்ய ஆறு வரி போதுமாயிருந்தது. பட்டனையும் திரும்ப வைத்தார். பிறகு, இறந்ததாகப் பதிவான பதினோரு பேரையும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். நான்கு பேருடைய உடல்கள் வந்திருந்தன. அடக்கம் எழுதும் பங்குச்சாமியாரின் நோட்டில் அவர்கள் பெயர் இருந்தது. மீதி ஏழு. அவர்களில் ஆறு பேர் நேரில் வந்திருந்தார்கள், இல்லையென்றால் போனில் பேசினார்கள். ஆறு பேரையும் அகஸ்டின் திருத்தினார்.

ஏழாவது பெயர் லூர்துராயன்.

"இவருக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

செல்வமேரி உதட்டைக் கடித்தாள். "மொத நாள் நூறு போன் வந்துச்சு சார். எந்தெந்த ஊர்லேருந்தோ. இவரைப் பத்தி வந்துச்சா, என்ன சொன்னாங்க, ஞாபகமே இல்ல."

பழைய பட்டியல்களைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் புதியதை ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாள்கள் மழைத் தண்ணீரோடு போய்விட்டன. முன்பு என்ன இருந்தது என்று மென்பொருளும் சேர்த்து வைக்கவில்லை. சேர்த்து வைக்க வேண்டும் என்று அகஸ்டினுக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, வராந்தா பெஞ்சில் லூர்துராயனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக அங்கேதான் இருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வாசிக்கத் தெரியாதவள், சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. அங்கிருந்து திரையும் தெரியாது. அகஸ்டினின் கை மட்டும்தான் தெரியும். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பெட்டியை விரித்தார். மூன்று வரிகள் வந்தன. முதல் வரிக்குப் போனார். இரண்டாவது வரிக்கு வந்தார். மறுபடி முதல் வரிக்குப் போனார். கை நகரும்போதெல்லாம் வெளியே அவள் தலையும் லேசாக அசைந்தது.

"மேடம், இதைக் காலியா விட முடியாது. மூணுல ஒண்ணு இருந்தே ஆகணும்னு நான்தான் எழுதியிருக்கேன்." அவர் குரல் இறங்கியது. "எதைப் போடட்டும்?"

இன்பராணி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"எதைப் போட்டாலும், தேடறாங்கன்னு போட்டாக்கூட, அந்தம்மா நம்பிடுவாங்க" என்றாள். "நமக்கே தெரியல. மவுஸ்லேருந்து கையை எடுங்க."