பளு இறக்கிய பிறகு

"மன்னிப்புதான் கேட்டுட்டேனே மேடம். இன்னும் என்ன பண்ணணும்?" என்றார் சவரிநாதன்.

கணினிக்குள் இரும்புத் தகட்டை வளைத்துப் பார்ப்பது அவர் வேலை. அதில் ஒரு வசதி, கை வலிக்காது. அந்த வித்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் நப்பின்னை. வயதில் இளையவர். இருந்தாலும், தப்பு செய்தால் சவரிநாதன் வந்து நிற்பது அவர் மேசை முன்னால்தான்.

இந்த முறை செய்தது பெரிய தப்பு.

பேருந்து இருக்கையைத் தாங்கும் தகட்டுக்கு ஒரு சிமுலேஷன் செய்து கூட்டத்தில் போட்டுக் காட்டினார். திரையில் பளு ஏறியதும் தகடு வளைந்தது. இறக்கியதும் சமர்த்தாக நிமிர்ந்தது.

"இவ்வளவு லோடுக்கு நெஜத் தகடு நிமிராது சார். வளைஞ்சபடியே நின்னுடும்" என்றாள் அவர் குழுவில் இருக்கும் செவ்வந்தி.

"நீ மொதல்ல ஒரு மாடலை உருப்படியா முடி. அப்புறம் வாயைத் தொற."

எல்லாரும் சிரித்தார்கள்.

சோதனைக்கூடத்தில் நிஜத் தகடு வளைந்தது. நிமிரவில்லை. எந்த அளவு பளுவுக்கு மேல் தகடு நிமிராது என்ற விவரத்தையே சவரிநாதன் மென்பொருளுக்குத் தரவில்லை. அதைத் தராவிட்டால் அதற்கு எல்லா இரும்பும் ரப்பர்தான்.

"மன்னிப்பு எங்க வச்சுக் கேட்டீங்க?" என்றார் நப்பின்னை.

"லிஃப்ட்ல."

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல."

நப்பின்னை அவரைப் பார்த்தார். சவரிநாதன் தரையைப் பார்த்தார்.

"'பரவால்ல சார்'னு சொல்லிட்டா. இப்பல்லாம் நான் சத்தம் போட்டாக்கூட முகம் மாறறதில்ல. தேறிட்டான்னுதான் நெனைக்கிறேன். ஆனா கூட்டத்துல வாயே தொறக்கறதில்ல மேடம். என் தப்பை மூஞ்சிக்கு நேரா சொல்ல அவ ஒருத்திதான் இருந்தா. அவளைப் பார்க்கவே கூசுது."

நப்பின்னை கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"மாடலைத் திருத்திட்டீங்கல்ல? லோடு ஏத்துங்க."

ஏற்றினார். தகடு வளைந்தது.

"எறக்குங்க."

கொஞ்சம் நிமிர்ந்து, மீதி வளைவோடு நின்றுவிட்டது.

"மறுபடி ஏத்துங்க."

சவரிநாதன் பழக்கதோஷத்தில் புதுத் தகட்டை எடுக்கப் போனார். நப்பின்னை மவுஸின் மேல் கையை வைத்தார்.

"புதுசு ஏது? இதுலயே ஏத்துங்க."

அதே தகட்டில் அதே பளுவை ஏற்றி இறக்கினார். இந்த முறை வளைவு துளிகூடக் கூடவில்லை.

"ஏன் கூடல?"

பாடம் என்றால் சவரிநாதனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"மொத தடவை வளைஞ்சதுலயே இறுகிப்போச்சு மேடம். இனிமே அந்த லோடெல்லாம் அதை ஒண்ணும்..."

பாதியில் நிறுத்திவிட்டார். காதுவரை சுட்டது.

நப்பின்னை திரையைக் காட்டிக் கேட்டார்.

"இதைத் தேறிடுச்சுன்னு சொல்லலாமா சார்?"