ரெண்டு சட்டைக்கு ஒரு மூடி

ஒரு ஊர்ல ஒரு ரூம் இருந்துச்சாம். ராஜா இல்ல, ராணி இல்ல, வெறும் ரூமுதான். ஆனா அந்த வீட்டுல ராஜா மாதிரி இருந்தது அதுதான். யாரும் சட்டுனு உள்ள போயிர முடியாது. கதவைத் திறந்தா தடதடதடன்னு சாமான் தலையில விழும். சின்ன சைக்கிள், நடைவண்டி, ஒத்தக் காது கரடி பொம்மை, ஓடாத மிக்ஸி, அப்புறம் அந்த வீட்டுப் பையன் பொறந்ததுலேருந்து எட்டு வயசு வரைக்கும் போட்ட துணி, மூட்டை மூட்டையா. "ம்" சொல்லு பாப்பு. சொல்லலைன்னா பெரியம்மா நிறுத்திருவேன்.

"ம்."

அந்த வீட்டம்மா பேரு பூரணி. அவ புருஷன் தணிகைவேலு. அவனுக்கு ஒரே தங்கச்சி, செவ்வந்தி. செவ்வந்திக்கு அப்பா அம்மா இல்ல. மொதப் பிரசவம், வயிறு இத்தாம் பெருசு. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குத்தானே போகணும்? தாய் இல்லாதவ எங்க போவா? அண்ணன்காரன் போனைப் போட்டு, "நம்ம வீட்டுக்கு வந்துரும்மா, உனக்குன்னு தனி ரூம்"னு சொல்லிட்டான். சொல்றது அவன், காலி பண்றது பூரணி. ரொம்ப நியாயம்!

செவ்வந்தி மெதுவாக் கேட்டா, "அண்ணிக்குச் சிரமமா இருக்குமோண்ணே?" பாவம், அவளுக்கு அதுதான் பயம். போற எடத்துல மனுஷியா இருப்போமா, பாரமா இருப்போமான்னு.

அப்புறம் தணிகைவேலு சொன்னான், "பழசையெல்லாம் யாருக்காவது சும்மா குடுத்துரு." பூரணிக்கு வந்துச்சே கோவம். "சும்மாவா? ஒவ்வொண்ணும் கடைகடையா ஏறி எறங்கி வாங்குனது. வித்துட்டுத்தான் மறுவேலை!" சரி, எங்க விக்கிறது? அதுக்கு ஒரு வாரம் யோசிச்சா. போருக்குப் போற ராஜாகூட அவ்ளோ யோசிச்சிருக்க மாட்டான்.

மொதல்ல ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்புல போட்டா. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, வரிசையா வச்சு, க்ளிக் க்ளிக் க்ளிக்னு முப்பது போட்டோ. டிங் டிங் டிங்! எல்லாரும் பூ போட்டாங்க, கை கும்பிட்டாங்க, கட்டைவிரல் காட்டுனாங்க. வாங்க மட்டும் ஒரு ஆள் வரல. ரெண்டாவது மாடி அம்மா மட்டும் கேட்டாங்க, "காலர்ல கறை இருக்கே, சும்மாத் தர்றீங்களா?" அதே குரூப்புல யாரோ உடற்பயிற்சி மெஷின் விலைக்குப் போட்டிருந்தாங்க. நம்ம தணிகைவேலு என்ன பண்ணுனான்? புத்திசாலியாச்சே, அதை வாங்கிட்டு வந்துட்டான். ரூம்ல இன்னொரு சாமான்!

"ஹி ஹி."

சிரிக்காம கண்ணை மூடு. அப்புறம் போன்ல ஏதோ ஒரு ஆப்புல போட்டா. டொய்ங்! "இருக்கா?" இவ, "இருக்கு." அவ்ளோதான், ஆளைக் காணோம். டொய்ங்! "இருக்கா?" "இருக்கு." ஆளைக் காணோம். ஒருத்தர் மட்டும் நேர்லயே வந்தாரு. சைக்கிள் பெல்லை ட்ரிங் ட்ரிங்னு நூறு தடவை அடிச்சாரு, டயரை அமுக்குனாரு, ரெண்டு டம்ளர் காபி குடிச்சாரு, "வீட்ல கேட்டுச் சொல்றேன்"னு போனாரு. இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு போல.

அதுக்குள்ள செவ்வந்தி வந்துட்டா. ரூம்ல கால் வைக்க எடமில்ல, ஹால்ல பாய் விரிச்சு ஓரமாப் படுத்துக்கிட்டா. "எனக்கு இதுவே போதும் அண்ணி"ன்னா. பூரணிக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா வெலை படியணுமே!

மூணாவதா, தெருவுல ஒரு சத்தம். "பழைய துணிக்குப் பாத்திரமேய்!" பூரணி குடுகுடுன்னு எறங்கிப் போய் பாத்திரக்காரம்மாவைக் கூட்டிட்டு வந்தா. துணி மூட்டை, அவளோட பழைய புடவை, சைக்கிள், கரடி, மிக்ஸி, மெஷின், எல்லாத்தையும் அள்ளிக் குடுத்தா. கெடைச்சது என்ன? பளபளன்னு ஒரே ஒரு எவர்சில்வர் குண்டான்.

"மூடி எங்க?"

"மூடி வேணும்னா இன்னும் ரெண்டு துணி போடு தாயி."

கடைசியா ரெண்டே ரெண்டு கைக்குழந்தைச் சட்டைதான் மிச்சம். அதையும் எடுத்து நீட்டுனா. பாத்திரக்காரம்மா செவ்வந்தி வயித்தைப் பாத்துட்டு, "புள்ளத்தாச்சி இருக்கே, அது வீட்டுலயே கெடக்கட்டுமே"ன்னாங்க. பூரணி சொன்னா, "எங்க வீட்டுக் கொழந்தைக்கு எல்லாமே புதுசுதான்!" மூடி வந்துருச்சு. டொடய்ங்!

ரூம் காலி. செவ்வந்தி கட்டில்ல படுத்தா. பூரணி அந்தக் குண்டானை மூடுறா, திறக்குறா, மூடுறா, திறக்குறா. அவ்ளோ சந்தோஷம்.

"ம்..."

அப்புறம் ஒரு நாள் காலையில, சாம்பார் கொதிக்கிறப்போ, செவ்வந்திக்கு வலி வந்துருச்சு. பூரணி கட்டுன புடவையோட ஆட்டோவுல அள்ளிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா. மத்தியானம், "குவா குவா!" பொம்பளப் புள்ள. நர்சம்மா வெளிய வந்து கையை நீட்டுனாங்க. "பழந்துணி குடுங்க."

பூரணி பையைத் திறந்தா. சரிகை வச்ச புது கவுன், வெலைச்சீட்டோட. நர்சம்மா தொட்டுப் பாத்தாங்க. "மொடமொடன்னு கெடக்கு, புள்ளைக்கு ஒடம்பெல்லாம் அறுக்கும். பேர் வைக்கிற வரைக்கும் பழசுதான் போடுவாங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதா? ஊருக்கே சொல்லித் தர்றவ அவ! மூடியைப் பாத்த உடனே மறந்து போச்சு. அவசரமாப் புருஷனுக்குப் போன் போட்டு, "வீட்டுல பழசு ஏதாவது இருந்தா கொண்டாங்க"ன்னா. அவன் தேடித் தேடிப் பாத்துட்டு, "ஒண்ணுமே இல்லையே, குண்டான்தான் இருக்கு, கொண்டு வரவா?"ன்னான். கொண்டு வா, புள்ளையை உள்ள வச்சு மூடி போடலாம்!

பூரணி உள்ள ஓடுனா. கொழந்தை கத்துது. செவ்வந்தி சோந்து போய், "பரவால்ல அண்ணி, நீங்க அலைய வேணாம்"ங்குறா. பூரணி குனிஞ்சு பாத்தா. அவ கட்டியிருந்தது ஒண்ணுதான் பழசு. பத்து வருஷம் தோச்சு, வெண்ணெய் மாதிரி ஆயிருந்த சுங்குடிப் புடவை. டர்ர்ர்ர்! முந்தானையைக் கிழிச்சா. நர்சம்மா, "அய்யோ, பாத்தும்மா!"ன்னாங்க. "புடவை கெடக்கு, மொதல்ல புள்ளையைச் சுத்துங்க."

சுத்துன ஒடனே கொழந்தை கப்சிப். செவ்வந்தி பாத்துக்கிட்டே இருந்தா. அவ்ளோ வலியிலயும் அழாதவ அப்போ பொலபொலன்னு அழுதா. "எங்கம்மா இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருக்கும் அண்ணி"ன்னா.

பூரணி, "சரி சரி, அழாத, தையல் பிரிஞ்சிரும்"னு அதட்டுனா. அதட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பி, கண்ணைத் தொடைக்க முந்தானையைத் தேடுனா. அது எங்க இருக்கு? கொழந்தை மேல இருக்கு. புறங்கையாலேயே தொடைச்சுக்கிட்டா.

பாப்பு? "ம்" சொல்லலையே? சரி, கதை போதும், உன் தூக்கம் உனக்கு. தூங்கு.